கிராமத்து வீட்டுக்கு ஒழுங்கா நெட் கொண்டு வர்றது எப்படி: மொதல்ல லைன் எங்க நிக்குதுன்னு பாருங்க

ஊர்ல நெட் சரியா வரலன்னா நம்மாளுங்க மொதல்ல சிம்மை மாத்துவாங்க, அப்புறம் பெரிய பிளான் போடுவாங்க, அதுவும் சரிப்படலன்னா ஆன்லைன்ல ஒரு ரௌட்டர் வாங்குவாங்க. பாதி நேரம் மூணுமே வேஸ்ட். பிரச்சனை எங்க இருக்குன்னு பார்க்காமலே காசு போட்டா வேற என்ன ஆகும். கடைமடைக்கு தண்ணி வரலன்னா நம்ம வயல் மடையை அகலமா வெட்டி என்ன பிரயோஜனம், மேல மதகு அடைச்சிருக்கான்னு பார்க்கணும்ல, அதே கதைதான் இதுவும். நெட்டு பெரிய ஊர்ல இருந்து ஒன்றியத் தலைமையிடம் வரைக்கும் ஒரு துண்டு, அங்க இருந்து உங்க ஊர் டவருக்கோ பஞ்சாயத்து ஆபீசுக்கோ ஒரு துண்டு, அப்புறம் உங்க வீட்டுக்கு ஒரு துண்டுன்னு வருது. இதுல எந்தத் துண்டு படுத்திருக்குன்னு தெரிஞ்சா மட்டும்தான் எதுல செலவு பண்றதுன்னு தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயம்தான்.

நான் எழுதுறது தமிழ்நாட்டு கிராமத்தை மனசுல வச்சு, ஆனா சட்டம், புகார் முறை எல்லாம் இந்தியா முழுக்க ஒண்ணுதான். இன்னொண்ணு, 2023ல இருந்து இந்தியாவுல 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது கணக்குப்படி பிராட்பேண்ட், அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ்னு வச்சிருந்தாங்க. அதனால "உங்க ஏரியாவுல பிராட்பேண்ட் இருக்கு"ன்னு யாராவது சொன்னா ரொம்ப சந்தோஷப்படாதீங்க. ஒரு வீட்ல ரெண்டு பேரு ஒரே நேரத்துல வீடியோ கால், டிவில யூடியூப்னு ஓடணும்னா குறைஞ்சது 15, 20 எம்பிபிஎஸ் டவுன்லோடும் 3, 4 அப்லோடும் நிலையா வேணும், இதுல அப்லோடைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

முதல் வேலை: அளந்து எழுதுங்க

போன்ல சிக்னல் எத்தனை கட்டை காட்டுதுன்னு பார்க்கிறதை இன்னையோட விட்டுடுங்க, ஒவ்வொரு போன் கம்பெனியும் ஒவ்வொரு கணக்குல கட்டை போடுறான். ஆண்ட்ராய்டு போன்ல டயலர்ல *#*#4636#*#* அடிச்சா ஒரு டெஸ்டிங் பக்கம் வரும் (சில பிராண்டுல வராது, அப்ப நெட்மான்ஸ்டர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கோங்க), ஐபோன்னா *3001#12345#*. அதுல ரெண்டு நம்பர் முக்கியம், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர். ஆர்எஸ்ஆர்பிங்கிறது சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு சொல்றது, -80, -85 டிபிஎம் கிட்ட இருந்தா சூப்பர், -100ன்னா சுமார், -110ஐத் தாண்டிட்டா கஷ்டம், இது மைனஸ் கணக்குங்கிறதால நம்பர் பெருசாக ஆக சிக்னல் மோசம்னு அர்த்தம். எஸ்ஐஎன்ஆர்ங்கிறது சிக்னல் எவ்வளவு சுத்தமா இருக்குன்னு சொல்றது, 20 இருந்தா பிரமாதம், 10 ஓகே, 0 கிட்ட வந்துட்டா டவர் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருந்தாலும் ஓடாது.

இதை ஹால்ல ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடாதீங்க. வீட்டுக்குள்ள, வாசல்ல, மொட்டை மாடியோட நாலு மூலையிலயும், முடிஞ்சா ஒரு மூங்கில் கம்பு நுனியில போனைக் கட்டி தூக்கியும் பாருங்க (ஸ்க்ரீன் ரெக்கார்ட் போட்டுட்டு தூக்குங்க, இறக்கினதும் பார்த்துக்கலாம்). ஒரே மாடியில தெக்கு மூலைக்கும் வடக்கு மூலைக்கும் 10 டிபி வித்தியாசம் வர்றது சாதாரணம், 10 டிபின்னா பத்து மடங்கு. தகர ஷீட் போட்ட வீடு, கம்பி நிறைய போட்ட கான்கிரீட் வீடு ரெண்டும் சிக்னலை முழுங்கிடும், ஓட்டு வீடு அந்த விஷயத்துல எவ்வளவோ தேவலை. எல்லா சிம்மையும் இப்படிப் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க போனைக் கேட்டு வாங்கியாவது பாருங்க.

அப்புறம் ஸ்பீடு டெஸ்ட். விடியக்காலை 5 மணிக்கு ஒண்ணு, ராத்திரி 8, 9 மணிக்கு ஒண்ணு, ரெண்டு மூணு நாளைக்கு. டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) மைஸ்பீடு ஆப்லயே பண்ணுங்க, பின்னாடி புகார் போடும்போது அந்த ஸ்க்ரீன்ஷாட் உதவும். இப்ப ரெண்டு கணக்கையும் சேர்த்து வச்சுப் பாருங்க:

சிக்னலும் மோசம், காலையிலயும் ஸ்பீடு இல்ல, ராத்திரியும் இல்லன்னா கடைசித் துண்டு, அதாவது டவர்ல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற வழிதான் பிரச்சனை. இதை நீங்களே சரி பண்ணலாம்.

சிக்னல் நல்லா இருக்கு, காலையில 30, 40 எம்பிபிஎஸ் பறக்குது, ராத்திரி 1ல நிக்குதுன்னா டவர்ல கூட்டம். ஆன்டெனா வாங்கி ஓரளவுக்கு மேல ஒண்ணும் ஆகாது, வேற கம்பெனியோ வேற பேண்டோ (சிக்னல் ஓடுற அலைவரிசை) தேடணும்.

சிக்னல் சுத்தமா இருக்கு, எஸ்ஐஎன்ஆரும் அருமை, ஆனா விடியக்காலையிலயும் 2, 3 எம்பிபிஎஸ்தான்னா அந்த டவருக்கே பின்னாடி இருந்து வர்ற லைன் சின்னது. மலைப்பக்கம், உள்ளடங்கின ஊர்கள்ல டவருக்கு பைபர் (கண்ணாடி இழை ஒயர்) போகாம இன்னொரு டவர்ல இருந்து மைக்ரோவேவ்ல (ரேடியோ அலையில) வாங்கி ஓட்டுவாங்க. இதுக்கு நீங்க வீட்ல என்ன மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல, புகார் போடுறதும் வேற வழி தேடுறதும்தான்.

டவர் சிக்னலை வச்சே சமாளிக்கிறது

கொல்லிமலை, ஜவ்வாது, கல்வராயன் மலை மாதிரி இடங்கள்ல பைபர் எல்லா வீட்டுக்கும் வர நாளாகும், 2020ல ஆன்லைன் கிளாஸ் நடந்தப்ப இது மாதிரி ஊர்கள்ல பிள்ளைங்க மரத்து மேலயும் தண்ணி டேங்க் மேலயும் ஏறி உக்காந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த மரம் ஏறுற வேலையை ஒரு ஆன்டெனாவைச் செய்ய வைக்கிறதுதான் இங்க ஐடியா.

மொதல்ல எந்த பேண்டுன்னு பாருங்க, அதே டெஸ்டிங் ஆப்லயே காட்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் தாண்டும், ஆனா ஸ்பீடு கம்மி. 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் வேகமா இருக்கும், ஆனா ரெண்டு சுவர் வந்தாலே செத்துடும். ஜியோ 4ஜி பேண்ட் 5, 3, 40ல ஓடுது, ஏர்டெல் 8, 3, 1, 40. பிஎஸ்என்எல் 4ஜி பேண்ட் 28, 1, 41ன்னு போகுது, இதுல 28ங்கிறது 700 மெகாஹெர்ட்ஸ், பழைய போன், மலிவு ரௌட்டர் நிறையதுல இந்த பேண்ட் இருக்கிறதே இல்ல. "பிஎஸ்என்எல் டவர் வந்துருச்சுன்னாங்க எனக்கு மட்டும் எடுக்கல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் காரணம். பிஎஸ்என்எல் 4ஜி முழுக்க உள்நாட்டுல செஞ்சது, டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் மூணு நிறுவனமும் சேர்ந்து பண்ணது, 2025 செப்டம்பர்ல சுமார் 97,500 டவரோட தொடங்கி வச்சாங்க, அதனால "அதுல எல்லாம் எங்க வரும்"னு பழைய ஞாபகத்துல ஒதுக்காம ஒரு சிம் வாங்கி அளந்து பாருங்க, சில மலை ஊர்ல அது ஒண்ணுதான் எடுக்குது.

சாமான் வாங்குறதுன்னா என் ஓட்டு வெளிய மாட்டுற 4ஜி சிபிஇக்குத்தான், அதாவது ரௌட்டரும் ஆன்டெனாவும் ஒரே டப்பாவுக்குள்ள இருக்கும், மாடியில கம்பத்துல மாட்டிட்டு ஒரே ஒரு லேன் ஒயரை கீழ இறக்குவீங்க, கரண்டும் அதே ஒயர்ல போயிடும். வீட்டுக்குள்ள ரௌட்டரை வச்சுட்டு மாடியில தனியா ஆன்டெனா மாட்டி பத்து மீட்டர் ஒல்லி கேபிள் இழுத்தா ஆன்டெனா பிடிச்சுக் கொடுக்கிறதுல பெரும்பகுதியை அந்தக் கேபிளே தின்னுடும், கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். தனி ஆன்டெனாதான் வேணும்னா ரெண்டு வாங்கி ஒண்ணு இந்தப் பக்கம் 45 டிகிரி, இன்னொண்ணு அந்தப் பக்கம் 45 டிகிரி சாய்ச்சு மாட்டுங்க, கேபிள் 5 மீட்டருக்கு மேல போக வேண்டாம்.

ஒரு விஷயம் கண்டிப்பா: சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர்னு ஆன்லைன்ல மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் விக்கிறதை வாங்காதீங்க. அனுமதி இல்லாம அதை மாட்டுறது சட்டப்படி குற்றம், பிடுங்கிட்டும் போவாங்க. சட்டத்தை விடுங்க, அது கண்டபடி சத்தம் போட்டு டவரோட காதையே அடைச்சுடும், உங்க வீட்ல ரெண்டு கட்டை கூடும், தெருவுல மத்தவங்களுக்கு கால் கட்டாகும். சிபிஇ, ரௌட்டர் ஆன்டெனா எல்லாம் இந்தக் கணக்குல வராது, அது போன் மாதிரி ஒரு சாதனம்தான்.

5ஜி வந்த ஊரா இருந்தா ஜியோவும் ஏர்டெலும் 2023ல ஏர்ஃபைபர்னு (5ஜி சிக்னல்ல வர்ற வீட்டு நெட்) கொண்டு வந்தாங்க, மாடியில அவங்களே ஒரு டப்பா மாட்டுவாங்க. நல்லா ஓடுது, ஆனா மாட்ட வர்ற பையன்கிட்ட "தம்பி, மொதல்ல மாடியில டெஸ்ட் பண்ணி நம்பரைக் காட்டு, அப்புறம் டிரில் போடலாம்"னு சொல்லுங்க. சுவத்துல ஓட்டை போட்டதுக்கு அப்புறம் "இங்க சுமாராத்தான்ண்ணே வரும்"னு சொல்றது இப்ப வழக்கமாப் போச்சு.

சேட்டிலைட் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. வங்கி, ஏடிஎம்முக்கு போடுற விசாட் (சின்ன டிஷ் வச்சு சேட்டிலைட் வழியா எடுக்கிற நெட்) ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா 36,000 கிலோமீட்டர் மேல போய்ட்டு வர்றதால ஒவ்வொரு கிளிக்குக்கும் அரை செகண்டுக்கு மேல தாமதம், விலையும் அதிகம். ஸ்டார்லிங்க்னு தாழ்வாப் பறக்குற சேட்டிலைட்ல நெட் கொடுக்கிற கம்பெனிக்கு 2025 ஜூன்ல லைசென்ஸ் கிடைச்சுது, அதை நம்பி இப்ப கைக்கு எட்டுற பைபரை வேண்டாம்னு சொல்லிடாதீங்க.

பைபர் வாங்கும்போது என்ன கேக்கணும்

ஊருக்குள்ள ஏதோ ஒரு பைபர் வந்திருந்தா யோசிக்கவே வேண்டாம், அதுதான். ஆனா கேபிள் டிவி அண்ணன் "நம்மகிட்டயும் பைபர் இருக்கு"ன்னு சொன்னா மொதல் கேள்வி: கண்ணாடி ஒயர் வீட்டுக்குள்ளயே வருதா, இல்ல போஸ்ட்ல ஒரு பொட்டி வச்சு அதுல இருந்து லேன் ஒயர் இழுக்கிறீங்களா? ரெண்டாவது வகைன்னா கூடுமான வரைக்கும் தவிர்த்துடுங்க. அந்தப் பொட்டிக்கு கரண்ட் வேணும், தெருவுல கரண்ட் போனா உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போயிடும், அதோட இடி இறங்குனா செம்பு ஒயர் வழியா உங்க ரௌட்டரும் சேர்ந்து போகும். பைபர் வீடு வரைக்கும் வந்தா நடுவுல இருக்கிற ஸ்பிளிட்டருக்கு (ஒளியை வீடு வீடாப் பிரிக்கிறது) கரண்டே தேவையில்ல, வெறும் கண்ணாடி.

ஸ்பிளிட்டர்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விவரமா பார்ப்போம், ஏன்னா கிராமத்துல முக்காவாசி பைபர் தகராறு இங்கதான். கேபிள்காரர் ஆபீஸ்ல ஓஎல்டின்னு ஒரு மெஷின் இருக்கும், அதோட ஒரு போர்ட்ல இருந்து கிளம்புற ஒளியை 32 வீடு, சில இடத்துல 64 வீடுன்னு பிரிச்சுக் கொடுக்கிறாங்க, 2.5 ஜிபிபிஎஸ்ஸை அத்தனை பேரும் பங்கு போட்டுக்குவாங்க. உதாரணத்துக்கு மெஷின்ல இருந்து +3 டிபிஎம் கிளம்புதுன்னு வைங்க. 32ஆ பிரிச்சா சுமார் 17 டிபி போயிடும். பத்து கிலோமீட்டர் தூரம்னா கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 3.5 போச்சு. கனெக்டர், ஜாயிண்ட்டுன்னு ஒரு 1, 1.5. ஆக உங்க வீட்டுக்கு -19 கிட்ட வரணும், அது நல்ல அளவு. -25 வரைக்கும் பயமில்ல, -27ஐத் தாண்டினா மழை பேஞ்சா, காத்தடிச்சா கட்டாகும். மாட்ட வர்றவர் கையில பவர் மீட்டர் இருக்கும், உங்க கண்ணு முன்னாடி சொருகிக் காட்டச் சொல்லுங்க, அந்த நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி நீங்களே மோடத்தோட பக்கத்துல (பெரும்பாலும் 192.168.1.1) ஆப்டிகல் பவர்னு இருக்கிறதைப் பார்த்து ஒப்பிடலாம். போன மாசம் -19, இந்த மாசம் -26ன்னா எங்கயோ ஒயர் மடங்கியிருக்கு, அணில் கடிச்சிருக்கு, இல்ல யாரோ மேற்கொண்டு ஒரு ஸ்பிளிட்டர் சொருகி புதுசா நாலு கனெக்ஷன் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். நம்பரைச் சொல்லிக் கேட்டா பேச்சே மாறும், "நெட் ஸ்லோவா இருக்குண்ணே"ன்னு சொன்னா "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"தான் வரும்.

பச்சைத் தலை கனெக்டரையும் நீலத் தலை கனெக்டரையும் சேர்த்து சொருகக் கூடாது, இது நிறைய வீட்ல நடக்குது. பச்சையோட முனை சரிவா சீவியிருக்கும், நீலம் நேரா இருக்கும், ரெண்டும் ஒட்டாம நடுவுல காத்து நிக்கும், மோடத்துல லைட் எரியுற மாதிரி எரிஞ்சு நெட் அடிக்கடி கட்டாகும். மோடத்துல எல்ஓஎஸ்னு சிவப்பு லைட் எரிஞ்சா ஒளியே வரலன்னு அர்த்தம், அப்ப பாஸ்வேர்டு மாத்துறது, ரீசெட் அடிக்கிறது எல்லாம் வேண்டாம், ரீசெட் அடிச்சா செட்டிங் எல்லாம் போய் அப்புறம் லைன் வந்தாலும் நெட் வராது. நேரா போன் போடுங்க.

கரண்டுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், ஆயிரம் ரெண்டாயிரத்துல கிடைக்குது. 10,000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட் அவர்தான் இருக்கும், மோடம் 12 வாட் இழுத்தா ரெண்டரை, மூணு மணி நேரம் ஓடும். ஆனா கேபிள்காரர் ஆபீஸ்ல பேட்டரி இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, அந்தப் பக்கம் செத்துட்டா உங்க யுபிஎஸ் சும்மா லைட் எரிய வைக்கும்.

பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் பைபர் வந்து நிக்குதா?

இது பெரிய விஷயம். 2011 அக்டோபர்ல மத்திய அரசு ஒரு திட்டம் போட்டுச்சு, நாட்டுல சுமார் இரண்டரை லட்சம் கிராம பஞ்சாயத்துக்கும் பைபர்னு, 2015க்கு அப்புறம் அதோட பேரு பாரத்நெட். இதுக்கான காசு நம்ம ரீசார்ஜ்ல இருந்தே போகுது, போன் கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் ஒரு நிதிக்குக் கட்டணும், அதோட இப்போதைய பேரு டிஜிட்டல் பாரத் நிதி. தமிழ்நாட்டுல இந்த வேலை டான்ஃபிநெட், அதாவது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் கையில, கணக்கு 12,525 ஊராட்சி, ஒவ்வொண்ணுக்கும் 1 ஜிபிபிஎஸ், ஒயர் பெரும்பாலும் ஈபி கம்பத்து மேலயே போகுது.

பிரச்சனை என்னன்னா திட்டம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் யோசிச்சுச்சு, அங்க இருந்து வீட்டுக்கு யாரு இழுக்கிறதுன்னு ஆரம்பத்துல யாரும் பெருசா யோசிக்கல. அதனால பல ஊர்ல ஊராட்சி சேவை மையத்துல ஒரு ராக் (இரும்பு அலமாரி), அதுக்குள்ள மெஷின், அதுக்கு கரண்ட் இல்ல, இல்ல பேட்டரி வீங்கி கிடக்கும், இல்ல ரூம் சாவி யார்கிட்டன்னே தெரியாது. 2023ல இதைச் சரி பண்ணத்தான் 1,39,579 கோடி ரூபாய்க்கு திருத்தின பாரத்நெட் திட்டத்தை ஒத்துக்கிட்டாங்க. வீட்டுக்கு இழுக்கிற வேலையை உள்ளூர் ஆளுங்களுக்கே பங்கு முறையில கொடுக்கிற ஏற்பாட்டுக்கு பாரத்நெட் உத்யமின்னு பேரு, பிஎஸ்என்எல் மூலமா நடக்குது.

நீங்க பண்ண வேண்டியது: ஊராட்சி செயலரைப் பார்த்து அந்த ராக் எங்க இருக்குன்னு கேளுங்க, போய்ப் பாருங்க, லைட் எரியுதா, எல்ஓஎஸ் சிவப்பா இருக்கா. கரண்ட் இல்லன்னா அது ஊராட்சியே சரி பண்ற விஷயம். கரண்ட் இருக்கு சிவப்பு எரியுதுன்னா பைபர் எங்கயோ அறுந்திருக்கு, ரோடு போட்ட ஜேசிபியைத் தேடுங்க. எல்லாம் சரி ஆனா யாரும் வீட்டுக்கு இழுக்கலன்னா ஊர்ல இருபது முப்பது வீடு கனெக்ஷன் எடுப்போம்னு ஒரு பேப்பர்ல பேரும் போன் நம்பரும் கையெழுத்தும் வாங்கிட்டு பிஎஸ்என்எல் எக்ஸ்சேஞ்சுக்கோ பக்கத்து ஊர் கேபிள்காரர்கிட்டயோ போங்க. ஒத்தை ஆளாப் போய் கேட்டா "பாக்கலாம்"பாங்க, முப்பது பேரு லிஸ்டோட போனா கம்பம் எண்ணிப் பார்க்க ஆள் வரும், ஏன்னா அவங்களுக்கும் ஒயர் போட்ட காசு திரும்பி வரணும்ல.

இதோட கிராம சபையை விட்டுடாதீங்க. நம்ம ஊர்ல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கணும். "எங்க ஊராட்சியில பாரத்நெட் இணைப்பு இன்ன காரணத்தால் செயல்படவில்லை, சரி செய்து வீட்டு இணைப்பு வழங்க வேண்டும்"னு ஒரே ஒரு வரி தீர்மானம், பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க, நகல் வாங்கிக்கோங்க. கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கும் எம்பிக்கு கொடுக்கிற மனுவுக்கும் அந்த நகலை இணைச்சா அதோட கனமே வேற.

தோட்டத்து வீடு: ஊர்ல பைபர் இருக்கு, வீடு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி

கொங்குப் பக்கம், தேனிப் பக்கம் நிறைய பேருக்கு இந்த நிலைமை. ஒயர் இழுக்க கேபிள்காரர் கம்பத்துக்கு இவ்வளவுன்னு பெரிய காசு கேப்பார். அதுக்கு பதிலா ஊருக்குள்ள உங்க இன்னொரு வீட்லயோ உறவுக்காரங்க வீட்லயோ உங்க பேர்ல கனெக்ஷன் போட்டு அங்க இருந்து காத்துல கொண்டு வரலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைபை பேண்ட் 2018ல இருந்து வெளியிடத்துலயும் லைசென்ஸ் இல்லாம, சொல்லியிருக்கிற பவர் அளவுக்குள்ள பயன்படுத்தலாம். டிபி-லிங்க் சிபிஇ510 மாதிரி, யூபிக்விட்டி லைட்பீம் மாதிரி வெளிய மாட்டுற வைபை ஆன்டெனா ஒரு ஜோடி போதும், ஊர்ல ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு.

ஆனா ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு நேரா பார்க்கணும், நடுவுல தென்னந்தோப்பு இருந்தா மறந்துடுங்க, தென்னை ஓலை 5 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சிடும், மழை நாள்ல ஈர ஓலை இன்னும் மோசம். கண்ணுக்கு ஒரு சந்து வழியா தெரிஞ்சா மட்டும் பத்தாது, ரெண்டு கிலோமீட்டர் லிங்க்னா நடுப்பகுதியில அந்த நேர்க்கோட்டைச் சுத்தி குறைஞ்சது 3 மீட்டராவது காலியா இருக்கணும். மரம் வளரும்ங்கிறதையும் கணக்குல வச்சு கம்பம் உயரத்தை முடிவு பண்ணுங்க. ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப், காத்துக்கு ஆடாத மாதிரி மூணு பக்கம் ஸ்டே ஒயர், வெயில் தாங்குற வெளிப்புற லேன் கேபிள், கம்பத்துக்கு எர்த்து. எர்த்து போடாம விட்டா ஐப்பசி இடியில சாமானோட சேர்த்து வீட்டு டிவியும் போகும்.

ஆன்டெனாவைத் திருப்பும்போது அவசரப்படாதீங்க. ஒரு ஆள் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம், போன்ல பேசிக்கிட்டே ஒரு நேரத்துல ஒரு முனையை மட்டும் அசைக்கணும். இடது வலதா மெதுவா முழுசா ஒரு சுத்து பார்க்கணும், சிக்னல் -75 வந்துருச்சுன்னு சந்தோஷத்துல நட்டை முறுக்கிடக் கூடாது, ஆன்டெனாவுக்கு ஓரத்துலயும் சின்னச் சின்னதா சிக்னல் கசியும், நீங்க அந்தக் கசிவைப் பிடிச்சிருப்பீங்க. இன்னும் கொஞ்சம் திருப்புனா குறைஞ்சு மறுபடி ஏறி -58, -60ன்னு வரும், அதுதான் நிஜ நடு. அப்புறம் மேலயும் கீழயும் அதே மாதிரி. ரெண்டு கிலோமீட்டருக்கு -55ல இருந்து -65க்குள்ள வந்துட்டா பைபர் பிளானோட வேகத்துல பெரும்பகுதி தோட்டத்துல கிடைக்கும்.

இது உங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதையே சுத்தி இருக்கிற பத்து வீட்டுக்கு மாசம் இவ்வளவுன்னு வித்தா ஐஎஸ்பி (இணைய சேவை நிறுவனம்) லைசென்ஸ் கேப்பாங்க. விக்கணும்னு ஆசை இருந்தா அதுக்கு நேர் வழி பிஎம்-வாணிங்கிற பொது வைபை திட்டம், 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒத்துக்கிட்டது. டீக்கடை, மளிகைக்கடைக்காரங்க கூட லைசென்ஸ் இல்லாம, கட்டணம் கட்டாம, ஒரு திரட்டி நிறுவனத்தோட (பல கடை வைபையை ஒண்ணு சேர்த்து நடத்துறவங்க) சேர்ந்து வைபை கூப்பன் விக்கலாம். ஆரம்பத்துல பெருசா ஓடல, கடைக்காரருக்கு வீட்டு பிளான் தராம விலை அதிகமான லீஸ்டு லைன் (ஒருத்தருக்குன்னே தனியா ஒதுக்குற லைன்) எடுக்கச் சொன்னதுதான் முக்கிய காரணம். 2025 ஜூன்ல டிராய் அதுக்கு ஒரு வரம்பு போட்டுச்சு, 200 எம்பிபிஎஸ் வரைக்கும் வீட்டு பிளான் விலையில ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை இருக்கிறவங்க இப்ப கணக்கு போட்டுப் பார்க்கலாம், பத்து வீடு இருக்கிற குக்கிராமத்துல கட்டுப்படி ஆகாது.

டவர் வைக்க இடம் கேட்டு போன் வந்தா

டிராய்ல இருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற சான்று) வந்துருச்சு, உங்க நிலத்துல டவர், முப்பது லட்சம் அட்வான்ஸ், மாசம் நாப்பதாயிரம் வாடகை, மொதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் மட்டும் கட்டுங்கன்னு கால் வந்தா நூத்துக்கு நூறு ஏமாத்து வேலை. டிராய் டவருக்கு என்ஓசி கொடுக்கிறதே இல்ல, நிலத்துக்காரர் யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டிய அவசியமும் கிடையாது, காசு அவங்கதான் உங்களுக்குத் தரணும். லெட்டர்ல சிங்க முத்திரை எல்லாம் போட்டு அனுப்புவான், தாத்தா பாட்டி இருக்கிற வீடுகள்ல இதை முன்னாடியே சொல்லி வைங்க. ஊருக்கு டவர் வேணும்னா மேல சொன்ன கிராம சபை தீர்மானம்தான் வழி. 2022 ஜூலையில சிக்னலே இல்லாத 24,680 கிராமத்துக்கு 4ஜி கொடுக்கன்னு 26,316 கோடிக்கு ஒரு திட்டம் ஒத்துக்கிட்டாங்க, பிஎஸ்என்எல்தான் செய்யுது, உங்க ஊரு அந்த லிஸ்டுல இருக்கான்னு மனுவுலயே கேளுங்க.

புகார் போடுற வரிசை

ட்விட்டர்ல திட்டுறது மனசுக்கு ஆறுதல், வேலைக்கு ஆகுறது டாக்கெட் நம்பர் (புகார் எண்) தான். மொதல்ல கம்பெனி கஸ்டமர் கேர்ல புகார் போட்டு அந்த நம்பரை வாங்குங்க, எஸ்எம்எஸ்ஸை அழிச்சுடாதீங்க. சரி பண்ணலன்னா, இல்ல சரி பண்ணாமலே "முடிச்சாச்சு"ன்னு மெசேஜ் வந்தா (இது ரொம்ப சகஜம்) 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம், காசு கிடையாது, அவங்க 39 நாளுக்குள்ள முடிச்சாகணும். இந்தப் படி இருக்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது, கஸ்டமர் கேர்ல இருக்கிறவங்களும் தானா சொல்ல மாட்டாங்க. காலையும் ராத்திரியும் எடுத்த ஸ்பீடு டெஸ்ட், ஆர்எஸ்ஆர்பி நம்பர், பவர் மீட்டர் போட்டோ எல்லாத்தையும் இங்கதான் இணைக்கணும்.

அதுக்கும் மசியலன்னா சிபிகிராம்ஸ்ங்கிற மத்திய அரசு குறைதீர்ப்பு இணையதளத்துல தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து மனு போடுங்க, அரசு கம்பெனி தனியார் கம்பெனி ரெண்டுக்கும் எடுப்பாங்க, டெல்லியில இருந்து கேள்வி வந்தா உள்ளூர் ஆபீஸ் உங்களுக்கு போன் பண்ணும். டிராய்க்கு நேரா எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், தனி ஆளோட புகாரை அவங்க விசாரிக்கிறதில்ல. பணம் நஷ்டம், மாசக்கணக்குல சேவை இல்லாம பில் மட்டும் வந்துச்சுங்கிற மாதிரின்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். டெலிகாம் கேஸ் அங்க வராதுன்னு முன்னாடி திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க, 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் வரும்னு தெளிவா சொல்லிடுச்சு, யாராவது கவுண்டர்ல பழைய கதை பேசினா அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்க.